சடவா, சலிப்பா?

கேள்வி: பெங்களூரில் பிறந்து வளர்ந்த எனக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஒரு மதியம் அத்தை, “ஒரே சடவா இருக்கு” என்றார். போரடிக்கிறது போல என்று டிவியைப் போட்டேன், முகம் வாடிவிட்டது. கணவரோ, நான் ஏதாவது கேட்டால், “எதுக்குச் சலிச்சுக்கிடுத?” என்கிறார். எனக்குத்தான் சலிப்பே இல்லையே!

பதில்: அத்தை சொன்னது உடம்பைப் பற்றி. சடவு (எழுத்தில் சடைவு) என்றால் திருநெல்வேலிப் பக்கம் அசதி. வெயிலில் அலைந்தாலும், ராத்திரி தூக்கம் கெட்டாலும் வருவது. அப்போது டிவி சத்தம் இன்னும் பாடுபடுத்தும். “மேலுக்கு (உடம்புக்கு) முடியலையா அத்தை?” என்று கேட்டு, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துப் படுக்கச் சொல்லுங்கள். ஓய்வெடுத்தும் தினமும் சடவு என்றால் சும்மா விடாதீர்கள். சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். நிஜமாகவே பொழுது போகாவிட்டால், “பொழுதே போக மாட்டேங்கு” என்பார். டிவி அதற்கு.

அலுப்பு உடம்புக்கும் மனசுக்கும் பொது. பயண அலுப்பு உடம்பில். “சொல்லிச் சொல்லி அலுத்துட்டு” (அலுத்துவிட்டது) என்பது மனசில். சலிப்பு பெரும்பாலும் மனசோடு நிற்கும்.

கணவர் விஷயம் வேறு. “எனக்கு இந்த வேலை சலிச்சிட்டு” என்றால் சலிக்கவைத்தது வேலை. ‘எனக்கு’ என்று வரும். “அவ சலிச்சுக்கிடுதா” என்றாலோ அவள் தன் எரிச்சலைக் குரலிலோ முகத்திலோ காட்டுகிறாள் என்று அர்த்தம். ஒரு ‘ச்சு’, ஒரு பெருமூச்சு போதும். அவர் உங்கள் மனநிலையைக் கேட்கவில்லை, தொனியைச் சொல்கிறார். ஆகவே “எனக்குச் சலிப்பில்லை” என்பது பதிலாகாது. “சலிச்சுக்கிடல, சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். (அடுப்படியில் அத்தை “சலிச்சாச்சா?” என்றால் பயப்பட வேண்டாம், மாவையும் சல்லடையையும் கேட்கிறார்.)

சாப்பாட்டில்தான் அதிகம் தடுமாறுவார்கள். விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாம் துண்டு அல்வா வைக்கும்போது “சலிச்சிட்டு” என்றால், தின்று தின்று வெறுத்துவிட்டது என்றாகி வைத்தவர் மனசு நோகும். இனிப்பும் நெய்யும் மிஞ்சினால் “திகட்டுது” என்பதே சரி. அதில் யாருக்கும் குறையில்லை.

‘போரடிக்கி’ இப்போது நெல்லையிலும் வீட்டுக்கு வீடு உண்டு. வைக்கோற்போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘காப்பி அடி’ மாதிரி ஆங்கிலச் சொல்லோடு நம் ‘அடி’ சேர்ந்தது. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னால், அவர்கள் பேச்சையே சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

சடவை அழைப்பிலும் கேட்கலாம். “சடவு பாக்காம ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று யாராவது கூப்பிட்டால், அசதியாக இருந்தாலும் நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று விரும்பிக் கூப்பிடுகிறார்கள். போய்வாருங்கள்.