அளவெல்லாம் சரியாகப் போட்டும் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது, சீடை வெடிக்கிறது. காரணம் என்ன? கெட்ட மாவைத் திருத்த முடியுமா?

முடியும், பெரும்பாலும். ஆனால் காரணத்தை அளவில் தேடாதீர்கள், ஈரத்தில் தேடுங்கள். அரிசி மாவில் எவ்வளவு ஈரம், பாகில் எவ்வளவு தண்ணீர், எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் எப்படி வெளியேறுகிறது என்ற மூன்றும்தான் பண்டிகைப் பலகாரங்களைக் கெடுப்பவை. சமையல் குறிப்புகளில் கிராம் கணக்கு இருக்கும், ஈரத்தின் கணக்கு இருக்காது. அதைக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதிரசத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் 21 அதிரசம் படைக்கும் வழக்கம் உண்டு. நோன்பன்று காலையில் மாவு பிரிந்தால் வேறு எதையும் வைத்து ஈடுகட்ட முடியாது.

முதலில் அரிசி. பச்சரிசிதான் வேண்டும், ஐ.ஆர். 20 பச்சரிசி நன்றாக வரும். புழுங்கலரிசி ஏற்கெனவே ஒருமுறை வெந்தது, அதில் அதிரசம் கூடாது. 1 கிலோ அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். ஃபேன் காற்றில் 15 முதல் 20 நிமிடம் போதும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் ஆகும், அதனால் கடிகாரத்தை நம்ப வேண்டாம். அரிசியை அள்ளினால் உள்ளங்கையில் நாலைந்து மணி ஒட்ட வேண்டும், கையில் தண்ணீர் தெரியக் கூடாது. அதுதான் பக்குவம். அரைத்துச் சலித்த மாவை இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். சலித்த மாவைத் திறந்து வைக்காமல் பாத்திரத்தில் அழுத்தி மூடிவிடுங்கள். அந்த ஈரம் காய்ந்தால் பாகு மாவுக்குள் இறங்காது. கடையில் வாங்கும் காய்ந்த அரிசி மாவில் அதிரசம் சரியாக வராததற்கும் இதுவே காரணம்.

அடுத்து வெல்லம். மேலே சொன்ன அரிசிக்கு 750 கிராம். கடையில் "பாகு வெல்லம்" என்று கேட்டே வாங்குங்கள். சில வெல்லம் எவ்வளவு காய்ச்சினாலும் இளகியே நிற்கும், அதை வைத்து அதிரசம் செய்ய முயல்வது வீண். வாயில் போட்டால் உப்புக் கரிப்பதும் வேண்டாம். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைவிட கறுத்த வெல்லமே மேல். பொடித்து 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள்.

அதிரசம் பிரிவதில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. வேண்டியது உருட்டும் பதம். தட்டில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டையாகத் திரள வேண்டும், எடுத்து வைத்தால் மெல்லத் தட்டையாக வேண்டும். கரைந்து ஓடினால் பதம் போதாது. தட்டில் போட்டால் "டக்" என்று சத்தம் வந்தால் அது கடலை மிட்டாய்க்கும் பொரி உருண்டைக்கும் உரிய பதம், அதிரசத்துக்குத் தாண்டிவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் 113 முதல் 115 டிகிரி செல்சியஸ். இடைவெளி மிகக் குறைவு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போய்விடுவதால் கடைசி நேரத்தில் சூடு விறுவிறுவென்று ஏறும். ஆகையால் ஒவ்வொரு முறை பதம் பார்க்கும்போதும் அடுப்பை அணைத்துவிட்டே பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தட்டில் உருட்டிக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் சட்டியில் பாகு முறுகிவிடும்.

பதம் வந்ததும் இறக்கி, 10 ஏலக்காய் தட்டிப் போட்டு, சுக்குப் பொடி 1 தேக்கரண்டி சேர்த்து, மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். மாவு முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். இரண்டு கைப்பிடி மாவைத் தனியே எடுத்து மூடி குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பின்னால் மாவு கெட்டால் காப்பாற்றப்போவது அதுதான். கிளறும்போது கலவை கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்து விழும் பக்குவத்தில் நிறுத்த வேண்டும். பார்க்கத் தளர்வாக இருக்கிறதே என்று பயந்து சப்பாத்தி மாவு போல் ஆகும்வரை மாவைக் கொட்டுகிறார்கள். அரிசி மாவு இரவெல்லாம் பாகை உறிஞ்சி இறுகும். சூட்டிலேயே கெட்டியாக இருந்த மாவு மறுநாள் கல்லாகிவிடும். மேலே 2 கரண்டி நெய் ஊற்றி, ஆறும்வரை துணியால் மூடுங்கள். சூடாக இருக்கும்போது தட்டுப் போட்டு மூடினால் ஆவி வேர்த்து மாவிலேயே சொட்டும், நீங்கள் பாகில் போக்கிய தண்ணீர் திரும்பி வந்துவிடும். ஒரு ராத்திரியாவது ஊற வேண்டும். 2, 3 நாள் ஊறினால் இன்னும் நல்லது.

சுடும்போது எண்ணெய் மிதமான சூட்டில், 150 முதல் 160 டிகிரிக்குள் இருக்கட்டும். வெல்லம் சீக்கிரம் கறுக்கும் என்பதால், எண்ணெய் காய்ந்தால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். எண்ணெய் தடவிய வாழையிலையில் அரை விரல் கனத்துக்குத் தட்டி, முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதைப் பார்க்காமல் இரண்டாவதைத் தட்ட வேண்டாம்.

அந்த முதல் அதிரசம் ஓரத்தில் நுரைத்துக் கரைந்து எண்ணெயெல்லாம் துகளாகப் பரவுகிறதா? பாகு இளம்பதம், அல்லது மாவில் ஈரம் மிகுதி, அல்லது வெல்லம் கூடுதல். மாவு வெந்து பிடிப்பதற்குள் சர்க்கரை இளகி ஓடிவிடுகிறது. எடுத்து வைத்த மாவை, ஒரு கப் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் பிசைந்து, அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஒன்று போடுங்கள். எடுத்து வைத்த மாவு இல்லையென்றால் கோதுமை மாவோ மைதாவோ ஒரு கரண்டி சேர்க்கலாம். மணம் சற்றுக் குறையும், ஆனால் பிரியாது. எண்ணெயை உடனே வடிகட்டிவிடுங்கள், மிதக்கும் துகள் கருகினால் அடுத்தடுத்தவை கசக்கும். மூன்று முறை திருத்தியும் நிற்கவில்லையென்றால் விட்டுவிடலாம். அந்தக் கலவையிலேயே கனிந்த வாழைப்பழம், கொஞ்சம் அரிசி மாவு, சிட்டிகை சோடா உப்பு சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். அருமையான இனிப்புப் பணியாரம் கிடைக்கும்.

நேர்மாறான கோளாறு: தட்டும்போதே ஓரம் வெடிக்கிறது, சுட்டால் பல் உடைகிறது. பாகு முறுகிவிட்டது, இல்லையென்றால் மாவு காய்ந்துவிட்டது. வெதுவெதுப்பான பாலைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து உள்ளங்கையால் நன்றாகப் பிசைந்தால் இளகும். பால் சேர்த்த மாவை அன்றே சுட்டுவிட வேண்டும். சுட்டதை இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்து, ஆறும்வரை தனித்தனியாகப் பரப்புங்கள்.

இனி சீடை. இதில் பலகாரம் கெடுவதைவிட முகத்தில் எண்ணெய் தெறிப்பதுதான் பெரிய கவலை. உருண்டையின் மேல்தோல் எண்ணெயில் இறுகி ஓடாகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஓட்டை உடைக்கிறது. ஆவி வெளியேற வழிவிட்டால் வெடிக்காது. 2 கப் அரிசி மாவுக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. இரண்டு மாவையும் இருமுறை சலிக்க வேண்டும், உளுந்துக் குருணை ஒன்று தங்கினாலும் ஆபத்து. உப்பைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துப் போடுங்கள். வழவழப்பாக உருட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சீடையை விரல் நுனியில் லேசாக உருட்டி விட்டுவிட வேண்டும், மேலே மெல்லிய விரிசல் இருந்தால் நல்லதே. துணியில் 15 நிமிடம் உலர்த்தி, சந்தேகமாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திவிடுங்கள். அது நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டில் செய்தே ஆக வேண்டும். மூன்றை மட்டும் மிதமான எண்ணெயில் போட்டு, மேலே கண் சல்லடையைக் கவிழ்த்துத் தள்ளி நில்லுங்கள். முழு மூடி போடாதீர்கள், வேர்த்த நீர் எண்ணெயில் சொட்டும். வெடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், குனிந்து பார்க்க வேண்டாம். மாவை உதிர்த்து இன்னும் ஒரு கரண்டி வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, இளக்கமாக உருட்டிப் போடுங்கள். வெல்லச் சீடை பிரிவதற்குக் காரணம் மேலே சொன்ன அதே பாகுதான்.

முறுக்கு அவ்வளவு படுத்தாது. 4 கப் அரிசி மாவு, 1 கப் வறுத்த உளுந்து மாவு, 50 கிராம் வெண்ணெய். பிழியும்போது இழை அறுந்தால் தண்ணீர் போதவில்லை. எண்ணெய் குடித்தால் வெண்ணெய் அதிகம் அல்லது எண்ணெய் காயவில்லை. கடிக்க முடியாமல் இருந்தால் வெண்ணெய் குறைவு. மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால் கடைசி ஈடு சிவந்துவிடும், அதனால் இரண்டு இரண்டு கப்பாகப் பிசையுங்கள். சடசடப்பு முழுவதும் அடங்கும்வரை எடுக்க வேண்டாம், அந்தச் சத்தம் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அடையாளம். முன்னதாக எடுத்தாலோ, சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தாலோ மறுநாளே நமுத்துவிடும். நமுத்ததை ஓவனில் 120 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, வெளியே எடுத்து முழுக்க ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். எண்ணெய் குடித்த முறுக்கை மட்டும் திருத்த வழியில்லை.