தூங்கிய மகளை எழுப்பி அன்னாசிப்பழம் கொடுத்தேன்

வணக்கம் மேடம்,

எனக்கு 39 வயது. கணக்குத் தணிக்கை வேலை. மனைவி, ஒரே மகள். மகளுக்கு இந்த ஜூனில் ஆறு வயது நிறைந்தது. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பிரச்சினையைச் சொன்னால் வேலையில்லாதவன் தேடிக்கொண்ட வம்பு என்றுதான் தோன்றும்.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரத்தில், 1996 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜான்பெனே ராம்சி என்ற ஆறு வயதுச் சிறுமி சொந்த வீட்டின் அடித்தள அறையில் கொலையுண்டு கிடந்தாள். விடியற்காலையில் அம்மா போலீஸுக்குப் போன் செய்தபோது குழந்தையைக் காணவில்லை என்றுதான் சொன்னார். மாடிப்படியில் 1,18,000 டாலர் கேட்டு எழுதிய ஒரு கடிதம் இருந்தது. அந்த வீட்டிலேயே இருந்த நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். மதியம் உடலைக் கண்டுபிடித்தவர் அப்பா. இன்றுவரை யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இதை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 'விசாரித்து' வருகிறோம். நான், என் கல்லூரி நண்பன், அவனுடைய அக்கா, ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் (அவரை எல்லாரும் சார் என்போம்). சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போனில் கூடுவோம். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம். இப்போது விடிய விடியப் போகிறது. குழந்தையின் உள்ளாடையில் கிடைத்த, யாருடையது என்று தெரியாத ஆணின் டி.என்.ஏ.வைக் காட்டி, வெளியாள்தான் என்று நான் சொல்வேன். தைத்த இடத்திலேயே, பாக்கெட் போட்ட இடத்திலேயே ஒட்டியிருக்கலாமே என்பார் சார். அடித்தள ஜன்னல் உடைந்திருந்தது, கீழே சூட்கேஸ் நின்றது என்பேன். அந்த ஜன்னல் கம்பித்தட்டில் சிலந்திவலை கலையாமல் இருந்ததே என்பான் நண்பன். அவனுக்குக் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அக்காவுக்கு மாடிப்படியில் கிடந்த கடிதத்தின் கையெழுத்து மட்டும்தான் எல்லாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குழந்தையின் குடலில் அன்னாசியாக இருக்கலாம் என்று தோன்றும் துண்டுகள் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. விருந்திலிருந்து வரும்போதே காரில் தூங்கிவிட்டாள், அப்படியே தூக்கிப்போய்ப் படுக்க வைத்தோம், அன்னாசி கொடுக்கவில்லை என்பது பெற்றோர் சொன்னது. பாதித் தூக்கத்தில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தை பழம் சாப்பிடுமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. போன வாரம் ஒரு இரவு பதினொன்றரைக்கு என் மகளை எழுப்பி உட்கார வைத்து, கிண்ணத்தில் அன்னாசித் துண்டுகளைக் கொடுத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே, "மருந்தாப்பா? எனக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். இரவில் நாங்கள் எழுப்புவது மருந்து கொடுக்க மட்டும்தான். இரண்டு துண்டு சாப்பிட்டாள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். திரும்பினால் வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து மகளுடன் உள்ளறையில் படுத்துக்கொண்டு தாழ் போட்டுக்கொள்கிறாள்.

இதற்கிடையில் நண்பனுடன் பேச்சு முற்றி, "நீயெல்லாம் ஒரு அப்பனாடா" என்று கேட்டுவிட்டேன். அவனுக்கு இரண்டு பையன்கள். மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் அவனே சமாதானத்துக்கு வந்தான், கையில் ஒரு கடிதத்தோடு. அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இருபத்திரண்டு கேள்விகள். 'நேர்மையானவராக இருந்தால் பதில் சொல்லுங்கள்' என்று முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் போட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொல்கிறது, பதில் வந்தால் முடிவு தெரியுமே என்று.

எனக்கு இருப்பது நோயா? கையெழுத்துப் போடலாமா? மனைவியிடம் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்.

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் பாப்பா. உங்கள் கடிதத்தில் வழக்கைப் பற்றிய அத்தனை விவரத்துக்கும் நடுவில் 'மருந்தாப்பா' என்ற ஒரு சொல்தான் என்னை நிறுத்தியது. அதைக் கடிதத்தில் சேர்த்தீர்கள் பாருங்கள், உங்களையும் அது உறுத்தியிருக்கிறது. இரவில் அப்பா எழுப்பினால் அது தன் நல்லதுக்குத்தான் என்று அவள் நம்புகிறாள். நாளைக்கே உட்கார வைத்து, "அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் இல்லை, அப்பா சும்மா எழுப்பிவிட்டேன், தப்பு என் மேல்" என்று சொல்லிவிடுங்கள். வழக்குக் கதை வேண்டாம். ஆறு வயதுக்கு இவ்வளவு போதும்.

அடுத்து உங்கள் சோதனை. உங்கள் மகள் இரண்டு துண்டு சாப்பிட்டதிலிருந்து போல்டரில் வேறொரு குழந்தை என்ன செய்தாள் என்பது எப்படித் தெரியும்? அவள் சாப்பிட்டது எப்போது என்று குடலில் இருந்த துண்டை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். செரிமான வேகம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும், பயத்தில் வயிறு கிட்டத்தட்ட நின்றே போகலாம். அதனால்தான் தடயவியல் மருத்துவர்கள் வயிற்றை மட்டும் வைத்து நேரத்தை அடித்துச் சொல்லத் தயங்குகிறார்கள்.

நீங்கள் தணிக்கையாளர், உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். கல்லாவுக்குச் சீல் வைக்கவில்லை, பத்துப் பேர் கை வைத்துவிட்டார்கள், அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டு எண்ணச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடுவீர்களா? அன்று காலை அந்த வீட்டில் நடந்தது அதுதான். குழந்தையின் அறையைத் தவிர வீட்டை யாரும் மூடவில்லை. நண்பர்கள் வந்து நடமாடினார்கள். உடலையே அப்பா அடித்தளத்திலிருந்து மேலே தூக்கி வந்தார். சிலந்திவலையிலிருந்து சூட்கேஸ் வரை நீங்கள் நால்வரும் பிடித்து இழுப்பது அந்தக் கல்லாவில் மிஞ்சிய சில்லறையைத்தான். உங்கள் வேலையில் இதற்கு 'கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று எழுத இடம் இருக்கிறதே, சனிக்கிழமை இரவில் மட்டும் ஏன் அந்த வாக்கியம் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது?

1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சின்ன விளையாட்டை வெளியிட்டார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, வேறு மூன்று மூன்று எண்களாகக் கேட்டு விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 'இரண்டிரண்டாகக் கூடுகிறது' என்று மனதில் வைத்துக்கொண்டு 8, 10, 12 என்று கேட்டார்கள். ஆமாம், பொருந்துகிறது. 20, 22, 24. ஆமாம். அடித்துச் சொன்னார்கள், தவறாக. விதி இதுதான்: எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும். 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் விடை உடையக்கூடிய கேள்வியைக் கேட்க மனம் வராது. நால்வரில் யாராவது என்றைக்காவது, "இன்ன தடயம் கிடைத்தால் நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வேன்" என்று சொன்னதுண்டா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் காணோம்.

இதெல்லாம் அறிவு சம்பந்தப்பட்டது. சண்டை சூடாவது வேறு இடத்தில். வெளியாள்தான் கொன்றான் என்றால் தாழ்ப்பாள் போட்டால் தப்பிக்கலாம். வீட்டு ஆள்தான் என்றால், நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை, பயமே வேண்டாம். நீங்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டீர்கள், உங்கள் நண்பர் இரண்டாவதை. இரண்டும் தூங்குவதற்கு உதவும் விடைகள். 'தெரியாது' என்ற மூன்றாவது விடைதான் தூங்க விடாது. அதனால்தான் அவர் உங்கள் தாழ்ப்பாளை ஆட்டும்போது நீங்கள் "நீயெல்லாம் ஒரு அப்பனா" என்று போய்விட்டீர்கள். பேச்சு தடயத்தைப் பற்றி, அடி விழுந்ததோ அப்பா என்ற இடத்தில்.

உங்கள் மகளுக்கு ஜூனில் ஆறு நிறைந்தது என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டு, அந்தக் குழந்தைக்கும் ஆறு என்று இரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரப் பேச்சு விடிய விடியப் போக ஆரம்பித்தது எந்த மாதத்திலிருந்து என்று யோசித்துப் பாருங்கள். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். இது என்னுடைய 2, 4, 6.

கையெழுத்து விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. போடாதீர்கள். அந்தக் குடும்பத்தின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1999-இல் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) பெற்றோர் மேல் குற்றம் சாட்ட வாக்களித்தது, நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் வழக்கை எடுக்கவில்லை. 2006-இல் அந்த அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். அதே ஆண்டு தாய்லாந்தில் ஒருவர் நான்தான் கொன்றேன் என்றார், டி.என்.ஏ. பொருந்தவில்லை, விட்டுவிட்டார்கள். 2008-இல் அப்போதைய அரசு வழக்கறிஞர், உங்கள் குடும்பத்தின் மேல் சந்தேகம் இல்லை என்று கடிதம் எழுதி மன்னிப்பும் கேட்டார். அதையும் கேள்வி கேட்பவர்கள் உண்டு, கேட்கட்டும். ஆனால் தங்கையையோ மகளையோ இழந்த ஒருவர் இருபத்திரண்டு கேள்விகளைப் பிரித்துப் படிக்கும் நிமிடத்தை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். பதில் வராது. வந்தாலும் உங்கள் நண்பருக்கு இருபத்துமூன்றாவது கேள்வி கிடைக்கும்.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆர்வலர்கள், ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த ஒரு மாணவனை 'இவன்தான்' என்றார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசை மேல் வசை வந்தது. சில நாளில் அவன் உடல் ஆற்றில் கிடைத்தது. அவனுக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. படங்களை ஒப்பிட்டவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, உங்கள் நால்வரைப் போல அக்கறையில் இறங்கியவர்கள்தான்.

உங்கள் அக்கறையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1957-இல் ஒரு அட்டைப்பெட்டிக்குள் சின்னப் பையன் ஒருவனின் உடல் கிடைத்தது. பெயர் தெரியாது. அவனைப் பற்றியும் பல பத்தாண்டுகள் விதவிதமான கதைகள் ஓடின. 2022 டிசம்பரில் டி.என்.ஏ.வும் வம்சாவளித் தேடலும் சேர்ந்து ஜோசப் ஆகஸ்டஸ் சரெல்லி என்ற பெயரைத் தந்தன. யார் கொன்றார்கள் என்று இன்றும் தெரியாது. ஆனால் அந்த இடைப்பட்ட காலம் முழுக்க, பெயரில்லாத அந்தக் கல்லறைக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து பூவும் பொம்மையும் வைத்துவிட்டுப் போனார்கள். 2023 ஜனவரியில், அவன் உயிரோடு இருந்திருந்தால் எழுபது வயதாகியிருக்கும் நாளில், பெயர் பொறித்த கல்லைத் திறந்தார்கள். விடை தெரியாமலேயே அவனுக்காக ஏதோ செய்ய முடிந்தவர்கள் அவர்கள். உங்கள் சாருக்கு இந்த வழக்கைச் சொல்லுங்கள், டி.என்.ஏ. என்பதால் பிடிக்கும்.

நோயா என்று கேட்டீர்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் தூக்கம் போயிருக்கிறது, சோதனைக்கு மகளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், மனைவி தாழ் போட்டுக்கொள்கிறார். பொழுதுபோக்கு என்ற எல்லையை இது தாண்டிவிட்டது. மூன்று வாரத்துக்குச் சனிக்கிழமைப் பேச்சை நிறுத்துங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், அதைப் படித்துவிட்டுப் படுக்கிறவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? வழக்கு நினைப்பு வந்தால் விரட்ட வேண்டாம், விரட்டினால் இன்னும் ஒட்டும். மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, வந்ததை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். எழுதும்போது அந்தக் குழந்தையின் பெயர் எத்தனை தடவை வருகிறது, உங்கள் மகளின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்றும் பாருங்கள்.

நண்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கையெழுத்துப் போட முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, "அப்பனாடா என்று கேட்டது தப்பு" என்று சொல்லுங்கள். அப்புறம் அவர் பையன்கள் தனியாகத் தூங்குகிறார்களா, இரவில் எழுந்து போய் அவர்களைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். நீங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மனைவியிடம் வழக்கை விளக்க ஆரம்பிக்காதீர்கள். அது எவ்வளவு சுவாரசியமான வழக்கு என்பது அவருக்கு வேண்டாம். அந்த ராத்திரி வாசலில் நின்றபோது அவர் என்ன நினைத்தார் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். உடனே தாழைத் திறந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, கை தானாக அறிக்கையைத் தேடுகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.