திரை கிழிந்த பிறகும் ஏன் தூரம்?

அன்புள்ள ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். என் தகப்பனார் உபதேசியாராக, சபையாருக்கு வேதம் போதிப்பவராக இருந்தவர். அவர் காலமான பிறகு, நான் ஜெபித்தால் அது கூரையைத் தாண்டாது என்ற எண்ணம் எனக்குள் விழுந்துவிட்டது. ஆறு வருடங்களாக ஓர் ஊழியக்காரருக்கு மாதந்தோறும் ஜெபக்குறிப்பும் காணிக்கையும் அனுப்பி வருகிறேன். அப்பாவின் பனைவிளையைப் பங்கு வைத்ததிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. அதற்காகவும் அந்த ஊழியக்காரரே ஜெபிக்கிறார். திரை கிழிந்தது என்று ஒவ்வொரு பெரிய வெள்ளியிலும் கேட்கிறேன். பிறகு ஏன் தேவன் எனக்குத் தூரமாகவே இருக்கிறார்? காணிக்கை அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தேவ சமுகத்துக்குள் போக உங்களுக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி. உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் போக முடியுமா என்பது வேறு கேள்வி. உங்கள் கடிதத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

முதலாவதற்கு நீண்ட பதில் தேவையில்லை. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின்படி, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைக்கு உட்புறம் பிரதான ஆசாரியன் ஒருவனே, பாவநிவிர்த்தி நாளில், பலியின் இரத்தத்தோடு போனான். இயேசு உயிர்விட்டபோது தேவாலயத்தில் இருந்த அந்தத் திரைச்சீலை ‘மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும்’ கிழிந்தது என்று மத்தேயு எழுதுகிறார். உபதேசியாருக்கு ஒரு வழி, உபதேசியார் மகளுக்கு வேறு வழி என்று அதற்குப் பிறகு இல்லை.

இரண்டாவதில்தான் தடுமாறுகிறோம். சீனாய் மலையடியில் இடிமுழக்கம் கேட்ட ஜனங்கள், ‘தேவன் எங்களோடே பேசாதிருப்பாராக’ என்று மோசேயிடம் சொன்னார்கள். அவர்கள் செத்துப்போவோம் என்று பயந்தார்கள். நம் பயம் அதைவிடச் சிறியது, தேவன் நம்மிடம் எதையாவது கேட்டுவிடுவாரோ என்பது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி இரேனியஸ், சபை தோன்றிய ஊர்களில் பள்ளிக்கூடமும் திறந்தார்; விசுவாசி தானே வேதத்தை வாசிக்க வேண்டும் என்ற அக்கறை அதற்குப் பின்னால் இருந்தது. அப்படி வாசிக்கக் கற்ற நம் சீமையில், ஜெபத்தை மட்டும் கவரில் வைத்து வெளியூருக்கு அனுப்புகிறோம். நானும் அனுப்பியவன்தான்.

பிறர் நமக்காக ஜெபிப்பது நல்லதே. கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்று எழுதும் பவுல், மூன்று வசனம் தள்ளி, ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறார். தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு. முன்னது ஆளை அமுக்கும் பளு, பின்னது அவரவர் முதுகுக்கென்று உள்ள மூட்டை. தகப்பனாரை இழந்த துக்கத்தைச் சபை சேர்ந்து சுமக்கட்டும். அண்ணனோடுள்ள பிணக்கு உங்கள் மூட்டை.

மத்தேயு 5:23, 24 வசனங்களை நிதானமாக வாசியுங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவனுக்கு, ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகும்படி சொல்லப்படுகிறது. நியாயம் யார் பக்கம் என்று அந்த வசனம் விசாரிக்கவில்லை. அவனுக்குக் குறை இருக்கிறது, நீ போ என்கிறது. இது சொல்லப்பட்ட இடம் கலிலேயா; பலிபீடமோ எருசலேமில், நடந்தால் சில நாள் பயணம். உங்கள் அண்ணன் வீடு அவ்வளவு தூரம் இருக்காது. அந்த வாசற்படியை உங்களுக்காக எந்த ஊழியக்காரரும் ஏற முடியாது.

அண்ணனோடு ஒப்புரவானால்தான் தேவன் கதவைத் திறப்பார் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவு திறந்துதான் கிடக்கிறது. அதன் முன்னே நிற்கும்போதெல்லாம் அண்ணன் முகம் நினைவில் வந்து, நீங்களே இரண்டடி பின்வாங்கிவிடுகிறீர்களோ, அதைத்தான் தூரம் என்று எழுதியிருக்கிறீர்களோ என்பது என் சந்தேகம்.

காணிக்கையை நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். ஆனால் அடுத்த மாதக் குறிப்பில் அண்ணன் பெயரை எழுதாமல், அந்தப் பெயரை நீங்களே சொல்லி ஜெபித்துவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள். பனைவிளை எல்லைக்கல்லைப் பற்றி முதல் நாளே பேச வேண்டியதில்லை.