நார்வேயில் மலைக்குள் இருக்கும் யோவிக் அரங்கத்தின் கூரை தூணே இல்லாமல் எப்படி நிற்கிறது?

குகை அரங்கம் என்றால், மலைக்குள் பாறையைக் குடைந்து உருவாக்கிய உள்விளையாட்டரங்கம். நார்வேயின் யோவிக் நகரில் 1993-இல் திறந்தது இதற்குப் பேர்போன உதாரணம். 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் சில இங்கேதான் நடந்தன. சுமார் 5,500 பேர் உட்காரலாம். அகலம் 61 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது.

சரி, தலைக்கு மேல் ஒரு மலையே இருக்கிறதே, கூரை ஏன் இடிந்து விழவில்லை? அங்குள்ள பாறை இயல்பாகவே பக்கவாட்டில் பலமாக நெருக்கப்பட்டிருக்கிறது. கூரையை வளைவாகக் குடைந்ததும், அந்த நெருக்கமே மேலிருக்கும் கற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுப் புத்தகத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் விழாது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மொத்தமும் காலில்தான்!

உள்ளே தெரியும் கான்கிரீட்தான் மலையைச் சுமக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; அது பீய்ச்சியடித்த மெல்லிய பூச்சு, பாறைக்குள் இறக்கிய நீளமான எஃகுக் கம்பிகளோடு சேர்ந்து தளர்ந்த கற்களைப் பிடித்துவைக்கிறது, எடையைச் சுமப்பது பாறையேதான்.