எண்ணிக் கொடுத்த முகக்கவசங்கள்

கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் ஏற்பட்ட பாதுகாப்பு உடைத் தட்டுப்பாடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: 2020-இல் என் மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரே என்95 மாஸ்க்கை ஒரு வாரம் போட்டார். வீட்டுக்கு வந்ததும் பழுப்புக் கவரில் போட்டுப் பால்கனிக் கம்பியில் தொங்கவிடுவார். ஒருநாள் உதவியாக இருக்கட்டும் என்று நான் அதை சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்தேன். அன்று அவர் அழுத அழுகை இன்னும் மனதில் இருக்கிறது. அப்படி என்ன தவறு செய்துவிட்டேன்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தெரியாமல் செய்தீர்கள். அப்போது பல வீடுகளில் இது நடந்தது. ஆனால் அவர் ஏன் அழுதார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என்95 மாஸ்க்கின் நடு அடுக்கு பாலிப்ரொப்பிலீனை உருக்கி, ஊதி எடுத்த மெல்லிய இழை. அந்த இழையில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள். சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதே மாதிரி நுண்துகள்களை இழை பிடித்துக்கொள்ளும். 0.3 மைக்ரான் துகள்களில் 95 சதவீதத்தையாவது தடுப்பது அந்த மின்சாரத்தின் தயவில்தான். சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ பட்டால் அது போய்விடும். துவைத்த மாஸ்க் பார்ப்பதற்குப் பழையபடியே இருக்கும். ஆபத்தே அங்கேதான். போட்டிருப்பவர் அதை நம்பி நோயாளியின் முகத்தருகே குனிவார். உங்கள் மனைவிக்கு அது தெரிந்திருந்தது, அடுத்த மாஸ்க் எப்போது வரும் என்றுதான் தெரிந்திருக்காது.

அவர் கவரில் போட்டுத் தொங்கவிட்டது சரியான முறை. காகிதக் கவர் என்றால் ஈரம் காயும், பிளாஸ்டிக் பையில் ஈரம் உள்ளேயே நிற்கும். 2020 ஏப்ரலில் நான் காய்ச்சல் வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர். 60 மாஸ்க் கேட்டு ஸ்டோருக்கு இண்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டு, எழுதினால் 15 வரும். ஆளுக்கு ஐந்து மாஸ்க் சேரும்வரை எப்படியோ ஓட்டினோம். அப்புறம் ஐந்து கவர்களில் பெயரையும் கிழமையையும் எழுதி, திங்கட்கிழமை போட்டதை அடுத்த திங்கள்வரை தொடாமல் வைத்தோம். எலாஸ்டிக் அறுந்துவிட்டால் ஸ்டேப்ளர் பின் அடித்துப் போட்டுக்கொண்டோம். பின் குத்திய இடத்தில் ஓட்டை விழும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தோம். அந்தப் பின்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் மனைவியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் டெய்லர். 2020-இல் ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோனதும் எங்கள் கம்பெனியில் பிபிஇ கிட் என்ற முழு உடல் பாதுகாப்பு உடை தைத்தோம். முதலில் அனுப்பிய சாம்பிள்கள் தேறவில்லை என்று வந்துவிட்டன. துணி நல்ல துணி, தையலும் நல்ல தையல். காரணம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் தையலில் குறை இருந்திருக்காது அம்மா. ஊசி துணியைக் குத்தும் ஒவ்வொரு இடமும் ஒரு துளைதான். பனியனுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் நோயாளி இருமும்போதும், தொண்டையில் குழாய் இறக்கும்போதும் எங்கள் மேல் ரத்தமும் சளியும் தெறிக்கும், அது அந்தத் துளை வழியாக இறங்கிவிடும். அதனால்தான் தையல் மேல் சூடான காற்றால் டேப் ஒட்டி அடைக்க வேண்டும் என்றார்கள். அந்த டேப் ஒட்டும் மெஷின் அப்போது அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. துணியும் தையலும் தாங்குமா என்று செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்திப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்த முக்கியமான கூடம் உங்களுக்குப் பக்கத்திலேயே, கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், சிட்ரா. தேறிய கிட்டுக்குத் தனிக் குறியீட்டு எண் கொடுத்தார்கள்.

நெருக்கடி தொடங்கியபோது நம் நாட்டில் ஒரு பிபிஇ கிட்கூடத் தயாராகவில்லை என்றும், இப்போது ஒரு நாளைக்கு 2 லட்சம் தயாராகிறது என்றும் பிரதமர் 2020 மே 12 அன்று சொன்னார். அந்த மாற்றம் உங்களைப் போன்றவர்களின் கையால் நடந்தது. உங்கள் கிட் வருவதற்கு முன்பு எங்கள் வார்டுக்கு நன்கொடையாக மழைக்கோட்டுகள் வந்தன. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே திறந்து கிடக்கும், கழுத்தில் இடைவெளி இருக்கும், கழற்றும்போது ஈரம் முகத்தில் படும். அதையும் போட்டுக்கொண்டு டியூட்டி பார்த்தோம். முதல்முறை டேப் ஒட்டிய கிட் வந்த அன்று எங்கள் நர்ஸ் பிள்ளைகள் அந்த டேப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

கேள்வி: வால்வு வைத்த என்95 மாஸ்க் மூச்சு விட எளிதாக இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும்போது போடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அந்த வால்வு நீங்கள் வெளியே விடும் மூச்சை வடிகட்டாமல் அனுப்பிவிடும். உங்களுக்கு நோய் இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் போகும்.

கேள்வி: பணக்கார நாடுகளிலும் மாஸ்க் இல்லாமல் போனது எப்படி? பணம் இருந்தால் வாங்கியிருக்கலாமே?
– வாசகர், மதுரை

பதில்: வாங்குவதற்குச் சரக்கு இல்லை. உலகத்தின் மாஸ்க்குகளில் ஏறக்குறைய பாதி சீனாவில் தயாராகின. நோய் முதலில் கிளம்பியதும் அங்கேதான், அதனால் அவர்களுக்கே போதவில்லை. ரப்பர் கையுறையில் பாதிக்கு மேல் அப்போது மலேசியாவிலிருந்து வந்தது. மற்ற நாடுகள் ‘தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்’ என்று கையிருப்பைக் குறைத்தே வைத்திருந்தன. எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்பட்டது.

2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. மாதத்துக்கு 8 கோடியே 90 லட்சம் மாஸ்க், 7 கோடியே 60 லட்சம் கையுறை வேண்டும், உற்பத்தியை 40 சதவீதம் கூட்டுங்கள் என்றது. அதற்குள் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கின் விலை ஆறு மடங்காகியிருந்தது, என்95 மூன்று மடங்கு. இங்கிலாந்தில் செவிலியர்கள் குப்பைப் பையை உடம்பில் சுற்றிக்கொண்டு நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். வேறு வழியே இல்லையென்றால் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே எழுதிவைத்தது. ஒரு நர்ஸாக அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாதுகாப்பு முறை என்பதை நோய் பரவும் விதத்தைப் பார்த்து எழுத வேண்டும், ஸ்டோரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து எழுதக் கூடாது.

தைவான் 2020 ஜனவரி 24-இலேயே மாஸ்க் ஏற்றுமதியை நிறுத்தியது. பிப்ரவரி 6 முதல் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால்தான் மாஸ்க், ஆளுக்கு இத்தனை என்று பங்கிட்டார்கள். நம் ரேஷன் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதுக்கலுக்கு இடம் கொடுக்காமல், மருத்துவமனைக்கும் ஒதுக்கிவைத்தார்கள். நம் ஊரில் அந்த மார்ச் மாதம் மருந்துக்கடைகளில் பெட்டி பெட்டியாக வாங்கிப் போய் பீரோவில் வைத்தவர்கள் எத்தனை பேர்!

கேள்வி: கிட் போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் எப்படி இருந்தீர்கள்? சாப்பாடு, தண்ணீர்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எதுவும் கிடையாது. கிட்டை ஒருமுறை கழற்றினால் அது போயிற்று, அடுத்தது கிடைக்காது. அதனால் டியூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். சித்திரை வெயில், வார்டில் ஏசி போடக் கூடாது என்ற உத்தரவு, உள்ளே வியர்வை காலுறை வரைக்கும் வடியும். மாதவிலக்கு நாட்களில் பிள்ளைகள் டயப்பர் கட்டிக்கொண்டு வந்தார்கள். சிறுநீர்த் தொற்று வராத ஆளே இல்லை எங்கள் வார்டில். தட்டுப்பாடு என்றால் மாஸ்க் இல்லாததை மட்டுமே பேசுகிறார்கள். மாற்றிக்கொள்ள இரண்டாவது கிட் இல்லாததும் தட்டுப்பாடுதான்.

கேள்வி: என் அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். கொரோனா வார்டுக் குப்பையை அள்ளியது அவர்தான். டாக்டர், நர்ஸுக்கு முழு உடை கொடுத்தபோது அம்மாவுக்கு ஒரு சர்ஜிக்கல் மாஸ்க்கும், கிழிந்த கையுறையும்தான். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. இப்போதும் அதே நிலைதான்.
– வாசகி, வேலூர்

பதில்: மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதற்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்றும் யோசித்தேன். ஏனென்றால் எங்கள் வார்டிலும் இதே நடந்தது, பங்கிட்டவள் நான்.

15 மாஸ்க் வந்தால் எப்படிக் கொடுப்பேன்? குழாய் போடும் டாக்டருக்கு, ஊசி போடும் நர்ஸுக்கு, பிறகு டெக்னீஷியனுக்கு. அதற்குள் தீர்ந்துவிடும். எங்கள் வார்டில் ஒரு ஆயாம்மா இருந்தார். நாங்கள் கழற்றிப்போட்ட கிட்டை எல்லாம் பையில் அமுக்கிக் கட்டியவர் அவர்தான். உடையைப் போடும்போது இருப்பதைவிடக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம் என்று நாங்களே வகுப்பெடுப்போம். அந்தக் கழற்றிய உடை அத்தனையும் சர்ஜிக்கல் மாஸ்க் போட்ட ஒருவரின் கையில் போய்ச் சேர்ந்தது. பத்தாவது நாள் அவருக்குக் காய்ச்சல். பிழைத்து வந்தார், நல்ல வேளை. வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதன்பிறகு நான் வரிசையை மாற்றினேன். பெயரையோ பதவியையோ பார்க்காமல், அன்றைக்கு என்ன வேலை செய்யப் போகிறார் என்று கேட்டுக் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இப்போது உன் அம்மாவுக்கு. உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி, கழிவைக் கையாளும் எல்லாருக்கும் பாதுகாப்பு உடை கொடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் மருத்துவமனையின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் கொடுப்பார் என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. ஊசி குத்தாத தடிமனான ரப்பர் கையுறை, பூட்ஸ், ஏப்ரன், மாஸ்க் கேளுங்கள். சர்ஜரிக்குப் போடும் மெல்லிய கையுறை குப்பை அள்ள ஆகாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று அம்மாவிடம் கேள். கேட்பதை வாயால் கேட்காமல் எழுதி, தேதி போட்டு, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடமும் கண்காணிப்பாளரிடமும் கொடுங்கள். தனியாகப் போகாமல் கூட வேலை செய்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நல்லது.

கேள்வி: நர்ஸிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாளைக்கு இன்னொரு தொற்று வந்து, மாஸ்க் இல்லை, வார்டுக்குப் போ என்று சொன்னால் போக வேண்டுமா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: நோயாளி மூச்சுக்குத் திணறும்போது உன் கால் தானாகவே உள்ளே போகும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் லினி என்ற செவிலியர் பணியில் இருந்தார். காய்ச்சலோடு வந்தவரைக் கவனித்தார். அது நிபா என்று அன்று யாருக்கும் தெரியாது. மே 21 அன்று லினி இறந்துபோனார். புதிய நோய் வரும்போது முதல் நோயாளி பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. ஆகவே காய்ச்சலும் இருமலுமாக வரும் எவரையும் தொடுவதற்கு முன் மாஸ்க், கையுறை. நோயின் பெயர் தெரிந்த பிறகு போடலாம் என்று காத்திருக்காதே.

என்95 போட்டால் இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பார். கன்னத்திலோ கண்ணுக்குக் கீழேயோ காற்று வந்தால் சரியாகப் பொருந்தவில்லை. இல்லாத பொருளை இல்லை என்று சொல்லத் தயங்காதே, மூத்த சிஸ்டர் முகம் சுளித்தாலும் சொல். உள்ளே போக வேண்டி வந்தால் ஆட்களைக் குறை, நேரத்தைக் குறை, சன்னலைத் திற, நோயாளிக்கு ஒரு மாஸ்க் போட்டுவிடு. இண்டென்ட் எழுதும்போது கேட்டது எத்தனை, வந்தது எத்தனை என்று இரண்டையும் எழுதி, கார்பன் காப்பியை உன்னிடம் வைத்துக்கொள். என்னுடைய 2020 நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.