பத்தியம் இருந்தால் முடக்குவாதம் அடங்குமா?

கேள்வி: எனக்கு வயது 44. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு வருடமாக முடக்குவாதம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல்களை மடக்கவே முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்ட மறுநாள் குமட்டுகிறது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய், பருப்பு எல்லாம் வாயு என்று சொன்னார்கள். எட்டு மாதமாக அவற்றைத் தொடவில்லை. எடை 6 கிலோ குறைந்துவிட்டது. கந்த சஷ்டி விரதத்தின்போது வலி நன்றாகவே குறைந்திருந்தது. மாத்திரையை விட்டுவிட்டு, பத்தியமும் முடக்கத்தான் கீரையுமாக இருந்து பார்க்கலாமா? என் மகளுக்கு 19 வயது. அவளுக்கு வராமல் தடுக்க என்ன சாப்பிடக் கொடுப்பது?

மருத்துவர் பதில்:

அம்மா, மாத்திரையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். முடக்குவாதம் வாயுவால் வருவதில்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக எலும்பையும் அரிக்கும். வலி குறைவாக இருக்கும் மாதங்களிலும் இந்த அரிப்பு நடக்கலாம். அதை நிறுத்துவது மருந்துதான். எந்தக் கீரைக்கும் அந்த வேலை தெரியாது. முடக்கத்தான் தோசை உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையோடு சேர்த்து.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அதே மருந்து ஊசியாகவும் உண்டு. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். மறந்து தினமும் போட்டுக்கொண்டவர்கள் உயிர் ஆபத்துவரை போயிருக்கிறார்கள். அதனால் ஞாயிறோ புதனோ ஒரு கிழமையை முடிவு செய்து காலண்டரில் குறித்துவையுங்கள். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்குமான பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி பத்தியம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த 6 கிலோதான். இந்த நோய் மூட்டை மட்டும் பிடிப்பதில்லை. தசையையும் கரைக்கும், ரத்தசோகையையும் கொண்டுவரும். மேட்டிலும் பள்ளத்திலும் கூடை சுமப்பவர் பருப்பை நிறுத்தினால் தசைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? யூரிக் அமிலம் கூடுகிற கவுட் நோய்க்காரர்களிடம் பருப்பைக் குறைக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. அது வேறு நோய். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் மூட்டுக்கு ஆகாது என்ற பேச்சு உலகம் முழுக்க இருக்கிறது. அவை முடக்குவாதத்தைக் கூட்டுகின்றன என்று நிரூபணமாகவில்லை. பச்சை படிந்த கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் ஒதுக்குங்கள். அது எல்லோருக்கும் பொதுவான விதி. ஏதாவது ஒரு காய் மீது உங்களுக்கே சந்தேகம் இருந்தால், அந்த ஒன்றை மட்டும் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். திரும்பச் சாப்பிட்டதும் வலி கூடுகிறதா என்று குறித்துவையுங்கள். கூடவில்லை என்றால் அது நிரபராதி.

விரதத்தின்போது வலி குறைந்தது என்கிறீர்களே, அது உங்கள் கற்பனை இல்லை. பட்டினியில் அழற்சி தற்காலிகமாகத் தணியும். 1991-ல் வெளியான நார்வே நாட்டு ஆய்விலும் முதலில் உபவாசம், பிறகு ஓராண்டு சைவ உணவு என்று இருந்தவர்களுக்குக் குணம் தெரிந்தது. ஆனால் வெறும் பட்டினியால் கிடைக்கும் சுகம் பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் போய்விடும். ஏற்கெனவே இளைத்திருக்கும் நீங்கள் இப்போது நீண்ட விரதங்கள் இருக்க வேண்டாம்.

அப்படியானால் உணவால் பயனே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2022-ம் ஆண்டுப் பரிந்துரை, மத்திய தரைக்கடல் நாட்டு உணவு முறையை மருந்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. காய், பழம், பயறு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைய. இறைச்சியும் இனிப்பும் குறைவு. இதற்காக நீங்கள் ஆலிவ் எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீலகிரியில் விளைகிற கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைகோஸ், அவரை, கீரை எல்லாம் உங்கள் வாசலில் கிடைக்கின்றன. ராகிக் களியும் சாமைச் சோறும் நம் மலைக்குப் புதிதல்ல. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இந்த நோயும், இடையிடையே கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை மெலிய வைப்பதால் அது உங்களுக்கு அவசியம்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால், சமவெளியிலிருந்து மத்தியோ அயிலையோ ஏறி வரும் நாளில் வாங்கிக் குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். அவற்றின் ஒமேகா 3 கொழுப்பு அழற்சியைத் தணிக்கும். ஆய்வுகளில் பலன் தெரிந்தது தினம் ஏறத்தாழ 3 கிராம் வீதம் குறைந்தது மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு. வாரம் இரண்டு நாள் மீனில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் இதயத்துக்கும் அது துணை. முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல் என்பதால் இதையும் சொல்கிறேன். மஞ்சளைச் சமையலில் போடுங்கள். மிளகுச் சத்து சேர்த்து விற்கும் மஞ்சள் மாத்திரைகள் மட்டும் வேண்டாம். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, நீங்கள் சாப்பிடும் மருந்தும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவரிடம் டீயைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக டீயும் வர்க்கியும் என்று இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். வர்க்கி மைதாவும் கொழுப்பும்தான். என்றாவது ஒரு நாள் போதும். அந்த இடத்தில் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் அவித்த பயறோ இருக்கட்டும்.

உங்கள் மகளுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்த நோய் உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. இன்னது சாப்பிட்டால் வராது என்று உறுதி சொல்லும் உணவும் கிடையாது. தவிர்க்கக்கூடிய காரணங்களில் பெரியது புகைபிடித்தல். உடல் பருமனும் ஈறு நோயும் அடுத்தவை. எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பார்க்கட்டும். இரண்டு கை விரல்களின் அடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், குளிர் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவைக்கோ சில வாரங்களுக்குள் அழைத்துப் போங்கள். மூட்டு அரிக்கத் தொடங்குமுன் மருந்து ஆரம்பித்துவிட்டால் விரல்கள் கோணாமல் காப்பாற்ற முடியும்.