மருத்துவத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். மகளின் மழைக் கணக்கைப் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதிய தாய்க்கு வணக்கம். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில் நாலுக்கு 3.3 புள்ளி எடுத்திருக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்காது. உங்கள் கணவரின் அண்ணனோ, "வீட்டை அடகு வைத்தாவது தனியார் கல்லூரியில் சேர்த்துவிடு, நம் குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டாமா?" என்று விடாமல் நெருக்குகிறார். மகள் மழை, ஆறு, வெள்ளம் என்றே பேசுகிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பக் காலம் நெருங்குகிறது. ஆறுதலைவிட இப்போது முடிவுதான் முக்கியம்.

வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தனியார் மருத்துவப் படிப்புக்குப் பல லட்சம் ரிங்கிட் ஆகும். லாரி ஓட்டும் உங்கள் கணவருக்கு இப்போதே 54 வயது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். யோசனை சொல்லும் அண்ணன் அதில் ஒரு தவணையாவது கட்டுவாரா? படித்து முடித்தாலும் நிரந்தர வேலை காத்திருக்கவில்லை. 2016 இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகள் புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கின. 2021 ஜூலையில் அந்த இளைஞர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்பே செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மகள் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

கணக்கியல், சட்டம், கணினி பற்றிச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் அவள் கேட்டதற்கே வருகிறேன்.

2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் அத்தை வீடு மூழ்கியது முதல், வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தைப் பார்த்துக் கிள்ளான் ஆற்றின் நீர்மட்டத்தை நோட்டில் குறித்து வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவள் செய்வது நீரியல் மாதிரியாக்கத்தின் முதல் படி. ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பான நீர்ப்பிடிப்புப் பகுதியில் எவ்வளவு மழை பெய்தால், அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு ஆற்றுக்கு ஓடும், எத்தனை மணி நேரத்தில் எந்த உயரத்துக்கு நீர் ஏறும் என்று கணிப்பதுதான் அந்தத் துறை.

ஒரு கணக்கைக் காட்டுகிறேன். மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதை மண்ணையும் நிலப் பயன்பாட்டையும் வைத்துச் சொல்ல 'வளைவு எண்' என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல காட்டு நிலத்துக்கு அந்த எண் 60 என்று வைத்துக்கொள்வோம். தார்ச்சாலைக்கும் கூரைக்கும் 98. ஒரே 100 மில்லிமீட்டர் மழை இரண்டின் மீதும் பெய்கிறது. காட்டிலிருந்து ஏறக்குறைய 19 மில்லிமீட்டர்தான் வழிந்தோடும். தார்ச்சாலையிலிருந்து 94. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 19,000 கன மீட்டர் எங்கே, 94,000 கன மீட்டர் எங்கே! மலைச்சரிவை வெட்டித் தாமான் என்னும் குடியிருப்பைக் கட்டினால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் ஏன் தண்ணீர் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. உங்கள் மகளுக்குத் தெரிந்த கணிதமே இதற்குப் போதும்.

இதன் கடினமான பகுதி பொறுமை. கடந்துபோன ஒரு பெருமழையின் அளவுகளைக் கணினியில் இட்டு, அது காட்டும் வெள்ளமும் ஆற்றில் உண்மையில் பதிவான வெள்ளமும் ஒத்துப்போகும்வரை மாதிரியைத் திருத்த வேண்டும். பிறகு அது பார்த்திராத இன்னொரு மழையைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். மழைமானி பழுதாகி விடுபட்ட நாட்களைச் சரிபார்ப்பதிலேயே வாரங்கள் போகும். சேற்றில் இறங்கி அளவெடுக்கவும் வேண்டும். தொடக்கச் சம்பளம் உறவினர்களிடம் பெருமை பேசும் அளவுக்கு இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வேலை இருக்கிறது. புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பிலிருந்து வெளியேறும் உச்ச வெள்ளம் கட்டுமானத்துக்கு முன்பிருந்ததை மிஞ்சக் கூடாது என்பது நம் நாட்டு மழைநீர் வழிகாட்டியின் அடிப்படை. அந்தக் கணக்கைப் போட ஆலோசனைப் பொறியியல் நிறுவனங்களுக்கு ஆள் வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறை, தேசிய நீர் ஆய்வு நிலையம், நீர்மின் அணைகள் எல்லாம் இருக்கின்றன. கோலாலம்பூரில் வாகனங்களுக்கும் வெள்ளநீருக்கும் வழிவிடும், 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தில், எப்போது வாகனங்களை வெளியேற்றி வெள்ளத்தை விடுவது என்பதும் ஆற்று நீரின் கணக்கை வைத்துத்தான் முடிவாகிறது.

வழி: சிவில் பொறியியல் பட்டம், நான்கு ஆண்டுகள். மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்கும் பட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். யூ.பி.யூ.வில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை முதலில் எழுதச் சொல்வேன். பினாங்கு நிபோங் திபாலில் உள்ள அதன் பொறியியல் வளாகத்தில் ஆற்றுப் பொறியியலுக்கும் நகர்ப்புற வடிகாலுக்கும் தனி ஆய்வு மையமே இருக்கிறது. கான்கிரீட் வாய்க்காலுக்குப் பதிலாகப் புல் வளர்த்த வடிகால்களில் மழைநீர் மெல்ல இறங்குவதை மாணவர்கள் வகுப்புக்குப் போகும் வழியிலேயே பார்க்கலாம். அரசு மானியம் போக ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரிங்கிட்டுக்குள் அடங்கும்; அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் போதும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று நீங்கள் கேட்பீர்கள். விடுதி இருக்கிறது, ரயில் இருக்கிறது, அனுப்புங்கள்.

பணம் எதுவும் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எச்.இ.சி.-எச்.எம்.எஸ். என்ற மென்பொருள் இலவசம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் வெளியிடுவது, பயிற்சிக் கையேடும் உண்டு. ஒரு மாதம் அதில் உட்கார்ந்து, பயிற்சி எடுத்துக்காட்டுகளை முடித்துவிட்டு, கோம்பாக் ஆற்றுக்கு ஒரு சிறிய மாதிரி செய்து பார்க்கட்டும். சலித்துப்போனால் அவளே எனக்கு எழுதட்டும், வேறு வழி பார்ப்போம். சலிக்கவில்லை என்றால் அந்த நோட்டையும் மாதிரியையும் பெரியப்பாவிடம் அவளே எடுத்துக் காட்டி விளக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.